யார் பெயரில்? வீடு திரும்பும் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு தகவல் உரை

(கஹவத்தைப் பிரதேசத் தோட்டக் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் எமது நிறுவனத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர முடியாத குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் சொந்தக்காரர் வீட்டு இஸ்தோப்பிலும் தங்கியிருந்துவிட்டு இப்போது வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். சிலருக்கு வீடு நிற்கிறது, சுவர் வெடித்திருக்கிறது. சிலருக்கு லயம் இருக்கிறது, ஆனால் பின்னால் உள்ள மலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சிலருக்குத் திரும்பிப் போக இடமே இல்லை. மூன்று வகைக் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

சட்டம் என்றதும் "அது படித்தவர்களுக்கு, எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நான் சட்டத்தரணி அல்ல. சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டவும் வரவில்லை. பாதுகாப்பு, வீடு, கொந்தராத்து ஆகிய மூன்று விஷயங்களில் உங்கள் கைக்கு வரப்போகும் பேப்பர்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். எந்தப் பேப்பர் வந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: "இது யார் பெயரில் இருக்கிறது?"

பேப்பருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

இதை நம் மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களிடமும் பால் வெட்டியவர்களிடமும் அந்தத் துண்டுப் பேப்பர் இருக்கவில்லை. அதனால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பேப்பர் இல்லாததற்கு நாம் 55 வருடம் விலை கொடுத்தோம்.

இன்று நம்மிடம் அடையாள அட்டை இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களிடம் இல்லாத பேப்பர் ஒன்று உண்டு. அதுதான் வீட்டு உறுதி. லயம் நிற்கும் காணி அரசாங்கத்தினுடையது. 1970களில் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவை பிராந்தியக் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு நீண்டகாலக் குத்தகையாயின. ஆக, காணிக்குச் சொந்தக்காரர் அரசாங்கம், குத்தகைக்காரர் கம்பனி, குடியிருப்பவர் நாம். வீடு இடிந்தவருக்கு உதவி என்று சட்டமும் சுற்றறிக்கையும் சொல்லும்போது, எழுதியவர் மனதில் பெரும்பாலும் உறுதி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காரர்தான் இருக்கிறார். லயக்காம்பராவில் இருப்பவர் அந்தப் படிவத்தில் எங்கே பொருந்துகிறார் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது: உயிர்ப் பாதுகாப்பு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நவம்பர் 28 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். அது 1947 ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் செய்யப்பட்ட பிரகடனம்.

"அவசரகாலச் சட்டம்" என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு அடிவயிறு கலங்கும். 1977 ஐயும் 1983 ஐயும் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவசரகாலப் பிரகடனம் ஒரு தடவையில் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். தொடர வேண்டுமானால் மறுபடி பிரகடனம் செய்ய வேண்டும், பாராளுமன்றத்தின் அங்கீகாரமும் வேண்டும். அடுத்தது, அந்தப் பிரகடனத்தால் உங்கள் குடியிருப்பு உரிமையோ நிவாரண உரிமையோ இல்லாமல் போகாது. ஆபத்து என்று சொல்லி உங்களை வெளியேற்றினால், அந்த நேரத்தில் வெளியேறுங்கள். வெளியேறியதால் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. அப்படி யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அனர்த்தத்துக்கென்றே ஒரு சட்டமும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வந்த 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அது. அதன் கீழ்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. அதன் அவசர இலக்கம் 117. பிள்ளைகளின் கொப்பியிலும் வீட்டுக் கதவிலும் எழுதி வையுங்கள்.

நம் மலைக்கு அதைவிட நெருக்கமான நிறுவனம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அபாயத்தைப் பார்த்து அறிக்கை தருவது அவர்கள்தான். இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு அபாய மாவட்டங்கள். இப்படிப்பட்ட மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டு அறிக்கை பெற வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அவர்களின் எச்சரிக்கையில் மூன்று நிறங்கள் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். மழை அளவைப் பொறுத்து நிறம் மாறும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் என்றால் ஆயத்தம், 150 மில்லிமீற்றர் என்றாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற்றம்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான, நேரான ஒரு தகரப் பேணியை மரநிழலும் கூரைத் தண்ணீரும் படாத வெட்டவெளியில் வையுங்கள். பேணியில் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட நான்கு விரல் அகலம். ஒரு லயத்துக்கு ஒரு பேணி, அதைப் பார்க்க ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்யுங்கள். இரவு மழைக்கு இது உயிர் காக்கும். ரேடியோ சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

மழை அளவுக்கு முன்னாலேயே மலை சில அடையாளங்களைக் காட்டும். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த லைட் போஸ்ட், இறுகிப் போய்த் திறக்க மறுக்கும் கதவு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரென்று வற்றும் ஊற்று, தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் கலங்கி வருவது. இதில் ஒன்றைக் கண்டாலும் ஜீ.எஸ்.ஸுக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் சொல்லுங்கள். சொன்ன நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஏன் எழுதி வைக்கச் சொல்கிறேன்? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் ஏற்கனவே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது. போய்க் குடியிருக்க வேறு வீடு இருக்கவில்லை. 2016 மே 17 ஆம் திகதி, நமது சப்ரகமுவ மாகாணத்திலேயே, அரநாயக்க சாமசரக் கந்த சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் விழுந்தது. ஆபத்து என்று வாயால் சொல்வது போதாது என்பதற்கு இவை சாட்சி. ஆபத்து என்ற அறிக்கை கையில் இருந்தால்தான் "அப்படியானால் மாற்றுக் காணி எங்கே?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

ஆகவே திரும்புவதற்கு முன் முதல் வேலை இது. உங்கள் லயத்துக்கு அபாய மதிப்பீடு செய்திருக்கிறார்களா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். செய்திருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். அறிக்கை மூன்றில் ஒன்றைச் சொல்லும்: திரும்பலாம், சில திருத்தங்களைச் செய்தபின் திரும்பலாம், திரும்பக் கூடாது. செய்திருக்காவிட்டால், லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். "போய் இருங்கள், ஒன்றும் ஆகாது" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இரண்டாவது: வீடு

2025 டிசம்பர் மாதம் அரசாங்கம் நிவாரணத் தொகைகளை அறிவித்தது. வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா, வீட்டுச் சாமான்களுக்கு 50,000 ரூபா, முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை, அரசாங்கத்தால் காணி கொடுக்க முடியாத இடத்தில் காணி வாங்க இன்னும் 50 இலட்சம் ரூபா வரை. இவை எல்லோர் கைக்கும் ஒரே மாதிரி வந்து சேருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை, படிவம், பெயர்ப்பட்டியல் உண்டு. வழி ஜீ.எஸ்.ஸிலிருந்து தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகிறது.

அந்தப் பட்டியலில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, உங்கள் குடும்பம் தனிக் குடும்பமாகப் பதிந்திருக்கிறதா? ஒரு காம்பராவில் அப்பா அம்மா, கல்யாணம் முடித்த மகன் குடும்பம், திரும்பி வந்த மகள் என்று மூன்று அடுப்பு எரியும். பட்டியலில் ஒரே வீடு, ஒரே பெயர் என்று எழுதிவிட்டுப் போனால், மூன்று குடும்பத்துக்கும் ஒரு கணக்குத்தான். பிறகு அண்ணன் தம்பிக்குள் சண்டை. பதிவு நடக்கும்போதே மூன்று குடும்பத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு, குடியிருப்புக்கு என்ன அத்தாட்சி? உறுதி இல்லை என்றாலும் வேறு பேப்பர்கள் உண்டு. வாக்காளர் இடாப்பு, ஜீ.எஸ். சான்றிதழ், மின்சாரப் பட்டியல், பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பத்திரம், கிளினிக் அட்டை, அஸ்வெசும பதிவு, சம்பளத் துண்டு, தோட்டத் துரையின் கடிதம். இதில் எத்தனை கிடைக்குமோ அத்தனையையும் ஒரு பைலில் போடுங்கள். வெள்ளத்தில் அடையாள அட்டை போயிருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள், பிறகு ஜீ.எஸ். ஊடாக விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம்.

மூன்று, தோட்டத்தில் பெயர் இல்லாதவர்களும் குடியிருப்பாளர்கள்தான். லயத்தில் இருக்கும் பலர் இன்று கொழும்பில் கடையிலோ வெளியில் கூலி வேலையிலோ இருக்கிறார்கள். அனர்த்த நிவாரணம் செக்ரோல் பார்த்துக் கொடுக்கும் சம்பளம் அல்ல. "தோட்டத்தில் வேலை செய்யவில்லை, அதனால் உனக்கு இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நான்கு, கணவன் பெயர் மட்டும்தானா? இதை அக்காமாருக்காகச் சொல்கிறேன். வீடோ காணியோ கிடைக்கும்போது இருவர் பெயரிலும் எழுதும்படி ஆரம்பத்திலேயே கேளுங்கள். கணவர் இறந்தாலும், விட்டுப் போனாலும், குடித்துவிட்டு விற்க நினைத்தாலும், மனைவி பெயரும் உறுதியில் இருந்தால் பிள்ளைகளுக்குக் கூரை மிஞ்சும். அரச காணி உத்தரவுப் பத்திரங்களில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய முறையை மாற்ற 2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே திருத்தப்பட்டது. சட்டம் மாறியிருக்கிறது. படிவம் நிரப்பும் கையும் மாற வேண்டும்.

இனி புதிய வீடு கிடைப்பவர்களுக்கு. மலையகத்தில் தனி வீட்டுக்கு முதலில் 7 பேர்ச்சஸ் என்றார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 10,000 வீடுகளுக்கு 10 பேர்ச்சஸ் என்றார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி, 10 பேர்ச்சஸ் ஏறத்தாழ 2,700 சதுர அடி. உங்களுக்குச் சொன்ன அளவும் நில அளவைப் படத்தில் உள்ள அளவும் ஒன்றா என்று பாருங்கள். வீட்டுச் சாவி கொடுக்கும் விழாவில் சாவியோடு என்ன பேப்பர் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். சாவியும் உறுதியும் ஒன்றல்ல. சாவியோடு கடிதம் மட்டும் வந்தால், உறுதி எப்போது, எந்த அலுவலகத்திலிருந்து வரும் என்று அந்த இடத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

காணி வாங்கப் பணம் கிடைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இலட்சக் கணக்கில் பணம் வருகிறது என்று தெரிந்ததும் காணித் தரகர்கள் வீடு தேடி வருவார்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் நடக்க வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் அது காணி உறுதி ஆகாது. முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதி எழுதியதும் தாமதிக்காமல் பதியுங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், பொதுவாக முதலில் பதிந்தவர் பக்கம்தான் சட்டம் சாயும்.

நம் இரத்தினபுரி மாவட்டத்துக்கென்றே மூன்று விஷயங்களைப் பாருங்கள். காணிக்குள் மூடிய மாணிக்கக் குழி இருக்கிறதா? மேலே புல் முளைத்திருந்தாலும் உள்ளே மண் இறுகியிருக்காது. உறுதியில் மாணிக்கம் அகழும் உரிமையை விற்பவர் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாரா? வே கங்கைக் கரையோரம் என்றால், 2017 மே வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வருமுன் முழுப்பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம்.

மூன்றாவது: கொந்தராத்து

வீட்டுப் பணம் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, சுவர் எழும்பியதும் ஒரு பகுதி, கூரை போட்டதும் ஒரு பகுதி. மேசன் பாஸ் பாதியில் போய்விட்டால் அடுத்த பகுதி வராது. ஆகவே பாஸ் நம்ம ஊர்க்காரராக இருந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், கொந்தராத்தை எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது சந்தேகத்தால் அல்ல. சொந்தம் கெடாமல் இருப்பதற்குத்தான்.

ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். இரண்டு பேரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம். என்ன வேலை, எந்தப் படத்தின்படி. மொத்தத் தொகை. சீமெந்து, கம்பி, மணல் யார் வாங்குவது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். எப்போது முடிக்க வேண்டும், மழை நாளை எப்படிக் கணக்கிடுவது. கூடுதல் வேலை வந்தால் இருவரும் எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகே செய்வது. வேலையாளுக்கு அடிபட்டால் செலவு யாருடையது. கடைசிப் பகுதிப் பணத்தைக் கூரை ஒழுகவில்லை என்று ஒரு மழைக்குப் பார்த்த பிறகு கொடுப்பது. இரண்டு பிரதி எழுதி, இரண்டு சாட்சியோடு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சாமான் கடையிலும் அப்படித்தான். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டப்படியான கடமை. 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு இலக்கம் 1977. அனர்த்தத்துக்குப் பிறகு தகரத்துக்கும் சீமெந்துக்கும் கண்டபடி விலை சொன்னால் அந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.

சிறு தொழில் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இஸ்தோப்புக் கடை, தையல், மரக்கறி வியாபாரம், த்ரீவீல், கல் அறுப்பு, மேசன் குழு எதுவாக இருந்தாலும், வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். பதிவில்லாத கடை வெள்ளத்தில் போனால், அங்கே கடை இருந்தது என்று காட்டுவதற்கே கஷ்டப்பட வேண்டும். கடை தோட்டக் காணியில் இருந்தால், இடத்தைப் பாவிக்க அனுமதி உண்டு என்று தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கடிதம் கேளுங்கள். பிரதேச சபையில் வியாபார அனுமதிப் பத்திரம் தேவையா என்றும் விசாரியுங்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. இப்போது பாதை, கான், பக்கச்சுவர், படிக்கட்டு என்று தோட்டங்களில் நிறைய வேலை நடக்க வேண்டியிருக்கிறது. சிறு வேலைகளைக் கிராமச் சங்கங்களிடம் நேரடியாக ஒப்படைக்கும் வழி அரச கொள்வனவு முறையில் பல வருடங்களாக இருக்கிறது. பக்கத்துக் கிராமங்கள் அதைப் பாவித்து வந்தன. நாம் ஒதுங்கி நின்றதற்கு ஒரு காரணம், தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைக்கே சட்டம் இடம் கொடுக்காமல் இருந்தது. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. இனித் தடையாக இருப்பது நம்மிடம் பதிவுள்ள சங்கம் இல்லாததுதான். ஒரு சங்கம் வேண்டும், பிரதேச செயலகத்தில் பதிவு வேண்டும், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், கூட்டக் குறிப்புப் புத்தகம் வேண்டும். கணக்கு ஒரு தலைவரின் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது. இங்கேயும் அதே கேள்விதான்: யார் பெயரில்? அந்த வேலை நம் சங்கத்துக்கு வந்தால் கூலியும் நம் லயத்துக்கு வரும். நம் கானை நாமே வெட்டுவதால் வேலையும் ஒழுங்காக நடக்கும்.

கடன் வாங்கிக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரே புத்திமதி: வெற்றுத்தாளிலோ தொகை எழுதாத பத்திரத்திலோ கையொப்பமிடாதீர்கள். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் ஈடாகக் கொடுக்காதீர்கள். நிவாரணப் பணம் வருமுன்பே அதை நம்பி ஐந்து வட்டிக்குக் கடன் எடுத்தால், வீடு எழும்புமுன் வட்டி எழும்பிவிடும்.

கதவு திறக்காவிட்டால்?

எல்லாம் சொன்னபடி நடக்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கும் சில வழிகள் உண்டு.

மொழி. சிங்களப் படிவத்தை நீட்டி "இங்கே கையொப்பமிடுங்கள்" என்பார்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. வாசித்து விளங்காத பேப்பரில் கையொப்பம் வேண்டாம். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்வது தவறில்லை.

தகவல். பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, எங்கள் லயத்தின் அறிக்கை என்ன சொல்கிறது, பணம் ஏன் நின்றது என்று கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் அவர் உதவி செய்து எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

பிணக்கு. பாஸோடு, கடைக்காரரோடு, அண்ணன் தம்பியோடு பணப் பிரச்சினை வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லாத மாதிரித்தான். ஆனால் அங்கேயும் எழுதிய கொந்தராத்தும் பற்றுச்சீட்டும் இருந்தால்தான் பேச்சு நிற்கும். வழக்கு என்று வந்தால், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். ஒரு அரச அதிகாரி பாரபட்சம் காட்டி உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதனால் "பார்ப்போம், பார்ப்போம்" என்று நாளைக் கடத்தாமல் உடனே ஆலோசனை கேளுங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்றே தெரியாவிட்டால் 1919 க்கு அழையுங்கள். அது அரசாங்கத் தகவல் நிலையம். தமிழில் பதில் சொல்வார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

வீட்டில் உள்ள எல்லாப் பேப்பர்களையும் தண்ணீர் புகாத ஒரு பையில் போடுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் உள்ள ஒரு பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். சேதமான சுவரையும் கூரையையும் திருத்துமுன் படம் எடுங்கள். ஜீ.எஸ்.ஸிடம் போய்ப் பட்டியலில் பெயர் பாருங்கள். லயத்துக்கு ஒரு கொப்பி வாங்கி, யார் வந்தார், என்ன சொன்னார், என்ன பேப்பர் வாங்கிப் போனார் என்று திகதியோடு எழுதுங்கள். அந்தக் கொப்பியை எழுதுவதற்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை போதும்.

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். ஒரு லயமே பைலோடு போய் நின்றால் கதிரை போட்டு உட்காரச் சொல்வார்கள். தலைவர்மார், மாதர் சங்கத்து அக்காமார், கோயில் கமிட்டி எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் கட்சி பார்க்காமல் சேர்ந்து போங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் கையில் ஏதாவது பேப்பர் இருந்தால் வெளியில் எடுங்கள், ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசிப்போம். யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.